சாத்திய கோப்பு, பூட்டிய கோப்பு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாருக்காவது, "அந்த ஃபோல்டர் பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடு" என்று ஒரு வேலை வரும். முகத்தைச் சுளிக்காதீர்கள். நானும் சுளித்தவள்தான். ஆனால் என் இத்தனை வருட அனுபவத்தில், ஒரு மனுஷியின் வீட்டு வாசல் வரைக்கும் போன வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். ஓர் இணையதளத்தின் ஃபோல்டரில் முகப்புப் பக்கம் எதையும் நாம் வைக்காவிட்டால், சர்வர் தானே முன்வந்து உள்ளே இருக்கிற கோப்புகளையெல்லாம் வரிசையாகப் போட்டுக் காட்டும். வெள்ளைப் பின்னணி, நீல எழுத்து, பெயர், தேதி, அளவு. யாரும் வடிவமைக்காத பக்கம் அது, அதனால் யாரும் மதிக்காத பக்கமும்கூட. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்குப் போகும் வழி மாதிரி. அலங்காரம் எல்லாம் வாசலில் இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

எங்கள் அலுவலகம், நான் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில், சான்ட்ரிங்ஹாம் ரோட்டுக்குப் பின்னால், ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்தது. சின்னச் சின்ன நிறுவனங்களின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று, ஈஸ்ட் டாமாக்கி தொழிற்பேட்டையில் உள்ள கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆள் அனுப்புகிற நிறுவனம். வாரா வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியலை ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவார்கள். மனுரேவா போன்ற தூரத்துப் பகுதிகளிலிருந்து ரயிலில் வருகிறவர்களும் நிறுவனத்தின் வேனில் வருகிறவர்களும் காரில் மூன்று பேராகச் சேர்ந்து வருகிறவர்களும் போனில் அதைத் திறந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்தப் பக்கத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. கோப்பின் பெயர் நீளமாக இருந்தால் சர்வர் அதைப் பாதியில் வெட்டிவிட்டுப் பின்னால் இரண்டு புள்ளி வைத்துவிடும். காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட் இரண்டுமே நிறுவனத்தின் பெயரில் தொடங்குவதால் போனில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒரே மாதிரி தெரியும். ஒருவர் மதிய ஷிஃப்டுக்குக் காலையிலேயே வந்து, கார் நிறுத்துமிடத்தில் பாதி நாள் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு வந்தவரை யாரும் முட்டாள் என்று சொல்லவில்லை என்றாலும் அவர் அப்படித்தான் உணர்ந்திருப்பார். பெயரை முழுதாகக் காட்டச் சொல்லி நான் ஒரு வரி எழுதினேன். புதியது மேலே வரும்படி மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பக்கத்தின் அடியில், "ஏதாவது புரியவில்லையா, கூப்பிடுங்கள்" என்று என் மேசை எண்ணையும் பெயரையும் போட்டேன்.

அந்த நிறுவனத்தின் மேலாளருக்கு இந்த எண் பிடிக்கவில்லை. தேவையில்லாத அழைப்புகள் வரும் என்றார். எனக்கு வாதம் பண்ணப் பிடிக்காது, ஆனால் செய்ததைத் திரும்ப எடுக்கவும் பிடிக்காது. எண் அங்கேயே இருந்தது. அழைப்புகள் வந்தன, பாதிக்கு மேல் தேவையில்லாதவைதான்.

அப்படி ஒரு நாள் வந்த அழைப்புதான் கலா. பெயரைப் பார்த்துத் தமிழ்க்காரி என்று தெரிந்துகொண்டு கூப்பிட்டிருந்தாள். சேலத்துப் பக்கத்துப் பேச்சு. கிடங்கில் பெட்டி ஒட்டுகிற வேலை, எப்போதும் மதிய ஷிஃப்ட். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"அக்கா, அந்தப் பக்கத்துல வேன் லிஸ்ட்னு ஒண்ணு இருக்குல்ல, யாரை எந்த இடத்துல ஏத்தணும்னு. அதுல என் பேர் வருது. என் வீட்டுக்காரரும் முன்னாடி இங்கதான் வேலை பார்த்தாரு. அந்தப் பக்கம் அவருக்கும் தெரியும்."

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்தவள். அவன் பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் ஆணை வாங்கியிருந்தாள். விசா அவன் பேரோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் தனி விசாவுக்கு மனுப் போட்டிருந்தாள், அதனால் வேலையை விட முடியாது. மனுரேவாவில் ஒரு தோழியோடு ஃப்ளாட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தாள். வீட்டு விலாசம் வெளியே தெரியக்கூடாது என்று வேனை ரயில் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வேன் அங்கேயேதான் இறக்கிவிடும். அங்கிருந்து இருட்டில், மழையில், தனியாக வீட்டுக்கு நடப்பாள். அந்த நடைதான் தனக்கு வேலையைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்றாள். 

மேலாளரிடம் பேசினேன். வேன் பட்டியல் ஓட்டுநர்களுக்கு மட்டும் போதும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை என்று அவரும் உடனே ஒத்துக்கொண்டார். அந்த வேலையை என் சக ஊழியர் வசந்தனிடம் கொடுத்தேன்.

வசந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட வயதில் இளையவர், வேலையில் என்னைவிடப் பொறுமைசாலி. நானும் அவரும் அலுவலகத்தில் தமிழிலேயே பேசிக்கொள்வோம். தமிழ்ப் பற்று என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். வாடிக்கையாளர்களைப் பற்றி நாங்கள் சொல்வது பக்கத்து மேசைக்குப் புரியக்கூடாது, அதுதான் காரணம். அன்றைக்கு மட்டும் இங்கிலீஷில் பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"வசந்தன், அந்த வேன் லிஸ்டைப் பூட்டிடுங்க," என்றேன்.

"ஓம் அக்கா," என்றார். சற்று நேரத்தில், "பூட்டிட்டன்," என்றார்.

நானும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஷிஃப்ட் பட்டியல்கள் இருந்தன, வேன் பட்டியலைக் காணோம். திருப்தி. கலாவைக் கூப்பிட்டு, "பூட்டியாச்சும்மா. இனிமே டிரைவரைத் தவிர யாரும் பார்க்க முடியாது," என்றேன். அவள் அந்த ஒரு சொல்லை நம்பி, அடுத்த வாரத்திலிருந்து வேன் வீட்டு வாசலுக்கே வரட்டும் என்று விலாசத்தைக் கொடுத்துவிட்டாள். ராத்திரி வாசலிலேயே இறங்கிக்கொள்வது எவ்வளவு நிம்மதி என்று ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பினாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஒரு வரி மாற்றி ஒருத்திக்கு நல்லது செய்துவிட்டோம் என்று சக ஊழியர்களிடம் சொல்லவும் செய்தேன்.

இப்போது நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள், நானும் வசந்தனும் கீழே தோசை சாப்பிடப் போனோம். எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன அறை உண்டு, வாடிக்கையாளர்களின் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அதில் வைத்திருப்போம். எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. படியில் இறங்கும்போது, "அந்த ரூமைப் பூட்டியாச்சா?" என்று கேட்டேன். "ஓம், பூட்டிட்டன்," என்றார்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, சாவியை என் மேசையில் தேடி எடுத்துக்கொண்டு போய்க் கதவில் கை வைத்தேன். லேசாகத் தள்ளியதும் திறந்துகொண்டது. எனக்குக் கோபம் மூக்கின் மேல்.

"பூட்டினேன்னு சொன்னீங்களே வசந்தன்?"

"பூட்டித்தானே அக்கா கிடந்தது. இப்ப நீங்கள்தானே திறந்தனீங்கள்."

"சாவி என் கையில இருக்கு. எப்படிப் பூட்டினீங்க?"

அவர் என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். "திறப்புப் போடேல்லை. கதவைப் பூட்டினனான்."

அவருடைய ஊரில் சாவிக்குத் திறப்பு என்று பெயர். அது எனக்குத் தெரியும், அதை வைத்து அவரைக் கிண்டல்கூட செய்திருக்கிறேன். ஆனால் கதவை இழுத்துச் சாத்தினாலே அவர்கள் வாயில் அது பூட்டுவதுதான் என்பது அந்த நிமிஷம்வரை எனக்கு உறைக்கவில்லை. நாங்கள் சாத்துவோம், பிறகு சாவி போட்டுப் பூட்டுவோம். அவர்கள் பூட்டுவார்கள், தேவைப்பட்டால் திறப்புப் போடுவார்கள். ஜன்னலையும் பூட்டுவார்கள், புத்தகத்தையும் பூட்டுவார்கள். இத்தனை நாள் ஒன்றாக வேலை பார்த்தும் இந்த ஒரு சொல்லில் நாங்கள் இடித்துக்கொண்டதே இல்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கலாதான் கண்முன் வந்தாள்.

"வசந்தன், அந்த வேன் லிஸ்டையும் இப்படித்தான் பூட்டினீங்களா?"

அவர் முகம் மாறியது. மேசைக்குப் போய்த் திறந்து காட்டினார். ஒரே ஒரு வரி. இந்தப் பெயரில் தொடங்கும் கோப்புகளைப் பட்டியலில் காட்டாதே என்று சர்வருக்குச் சொல்லும் வரி. பட்டியலில் காட்டாது, உண்மைதான். ஆனால் கோப்பின் பெயர் தெரிந்து நேராகக் கேட்டால், சர்வர் தயங்காமல் எடுத்துக் கொடுக்கும். பெயரில் ஒவ்வொரு வாரமும் மாறுவது வாரத்தின் எண் மட்டும்தான். பழைய இணைப்பை வைத்திருக்கிற எவனும் எண்ணை ஒன்று கூட்டினால் போதும். என் சொந்தப் போனில் அடித்துப் பார்த்தேன். கலாவின் பெயரும், அவள் தெருவும், வீட்டு எண்ணும், வேன் வருகிற நேரமும் அழகாக வந்து நின்றன.

வசந்தனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பக்கத்தில் தெரியக்கூடாது என்றால் அவர் செய்ததுதான் சரியான வேலை. நான் கேட்டதை அவர் தன் ஊர்ச் சொல்லில் கேட்டார், அவர் சொன்னதை நான் என் ஊர்ச் சொல்லில் கேட்டேன். ஆனால் உண்மையிலேயே பூட்டியிருந்தால், முதல் அழைப்பு ஓட்டுநர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும், பாஸ்வேர்டு கேட்கிறது, என்ன போடுவது என்று. தங்களுக்கு வாரா வாரம் வரும் நேரடி இணைப்பிலேயே அவர்கள் திறந்துகொண்டிருந்தார்கள், ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. அந்த அமைதியை நான் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பூட்டிய இடத்தில் யாராவது முட்டிக்கொண்டு முனக வேண்டும், அதுதான் பூட்டியதற்கு அடையாளம்.

முதல் வேலையாகக் கோப்பைச் சர்வரிலிருந்தே எடுத்தோம். அடுத்து நான் போனைக் கையில் எடுத்ததும் வசந்தன் தடுத்தார்.

"பொறுங்கோ அக்கா. முதல்ல சர்வர் பதிவைப் பாப்பம், எப்பெப்ப எந்தப் போன்ல திறந்தது எண்டு அதில இருக்கும். ஓட்டுநர்மாரைத் தவிர ஒருத்தரும் திறக்கேல்லை எண்டா, என்னத்துக்கு அந்தப் பிள்ளையைச் சும்மா பயப்படுத்த வேணும்?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் பட்டது போதும், இதை வேறு சொல்லி அவளை நடுங்கவைக்க வேண்டுமா என்ற இரக்கம்தான். பதிவைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஆகும். மதிய வேன் அதற்குள் கிளம்பிவிடும்.

"பதிவுல ஆள் பேர் இருக்குமா வசந்தன்?"

"இராது. போன் லைன் எந்தக் கொம்பனி எண்டு மட்டும் தெரியும்."

"அவன் போனும் டிரைவர் போனும் ஒரே கம்பெனியா இருந்தா?"

அவர் தடுத்த கையை இறக்கினார்.

"நமக்கு விளங்குற வரைக்கும் அவ வாசல்ல நின்னுட்டு இருக்கணுமா? நீங்க டிரைவர்களைக் கூப்பிடுங்க. நான் அவளைக் கூப்பிடுறேன்."

அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரமில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். யோசித்திருந்தால் சர்க்கரை தடவிச் சொல்லியிருப்பேன். "சின்னப் பிரச்சினை" என்று ஆரம்பித்திருப்பேன். நம் தொழிலில் எல்லாமே சின்னப் பிரச்சினைதானே.

"கலா, நான் பூட்டியாச்சுன்னு சொன்னேன்ல, அது பூட்டல. இப்பதான் எடுத்தோம். உங்க வீட்டு விலாசம் இந்த வாரம் வெளிய இருந்திருக்கு. அவர் பார்த்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பார்க்கலைன்னு என்னால சொல்ல முடியாது."

எதிர்முனையில் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அப்ப இன்னிக்கு வேன்?"

"வீட்டுக்கு வராது. எங்க வரணும்னு நீங்க சொல்லுங்க, அங்க அனுப்புறேன்."

"ஸ்டேஷனுக்கே வரட்டும்," என்றாள். "குளிச்சிட்டுக் கிளம்புறேன் அக்கா."

"குளிக்க வேணாம்மா. இப்பவே கிளம்புங்க. ஸ்டேஷன்ல ஆளுங்க நிக்கிற இடமாப் பார்த்து நில்லுங்க. போற வழியிலேயே போலீசுக்குச் சொல்லிடுங்க. உங்க ஃப்ரெண்ட் கிட்டயும் சொல்லுங்க, யாரு வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு."

அழுதாளா என்று தெரியவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். 

அதற்குப் பிறகுதான் மேலாளரைக் கூப்பிட்டேன். அவருக்குக் கோபம். வேன்கள் கிளம்புகிற நேரத்தில் பட்டியலை எடுத்தால் எப்படி, ஷிஃப்ட் முடிந்த பிறகு சத்தமில்லாமல் சரிசெய்திருக்கலாமே, தன்னைக் கேட்காமல் ஏன் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அனுமதி கேட்கக் கூப்பிடவில்லை, தகவல் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னேன். அதற்குள் வசந்தன் எல்லா ஓட்டுநர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்று வாயாலேயே சொல்லி முடித்திருந்தார். ஒரு வேன்கூடத் தாமதமாகவில்லை. நான் முன்பே சொன்னேன், அவர் என்னைவிடப் பொறுமைசாலி.

பிறகு வசந்தன் சர்வர் பதிவை வரி வரியாகப் பார்த்தார். சாயங்காலம் என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, ஒண்டும் இல்லை. நேரம் எல்லாம் ஓட்டுநர்மார் பாக்கிற நேரம்தான். சந்தேகப்படுறமாதிரி ஒண்டையும் காணேல்லை."

நிம்மதியும் வந்தது, கூடவே ஒரு கூச்சமும் வந்தது. ஒன்றுமில்லாததற்கு ஒரு பெண்ணை ஈரக் கையோடு வீட்டை விட்டு ஓடவைத்துவிட்டேனே என்று தோன்றியது. மேலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்திருந்தது. மிகையாக நடந்துகொண்டதாக அதில் மரியாதையாக எழுதியிருந்தார். பதில் எழுதாமல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நான் செய்ததைத்தான் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். தவறு நேர்ந்தால் அதனால் அடிபடப்போகிற ஆளுக்கு முதலில் சொல்லுங்கள். முதலாளிக்கு இரண்டாவதாகச் சொல்லலாம். காரணத்தை மூன்றாவதாகத் தேடலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். இன்னொன்று, வேலை முடிந்ததா என்று யாரிடமும் கேட்காதீர்கள், முடிந்தது என்றுதான் சொல்வார்கள். சம்பந்தமே இல்லாத ஒரு போனை எடுத்து, பெயரை நேராக அடித்து, சர்வர் உங்களை வெளியே தள்ளுகிறதா என்று நீங்களே பாருங்கள். உங்களோடு தமிழில் பேசுகிறவர் உங்கள் தமிழைத்தான் பேசுகிறார் என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்த வாரத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் கோப்புகளுக்குப் பூட்டு என்ற சொல்லையே நாங்கள் எடுத்துவிட்டோம். "தள்ளிப் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்போம். வசந்தனும், "தள்ளிப் பாத்தனான், அசையேல்லை" என்று பதில் சொல்வார்.

மறுநாள் காலையில் கலா கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருக்கவில்லை.

"அக்கா, நேத்து என்னை ஏத்த வேன் வர்ற நேரத்துக்கு அவர் கார் எங்க தெரு முனையில, டெய்ரிக் கடைக்கு எதிர்ல நின்னுருக்கு. என் ஃப்ரெண்ட் ஜன்னல்ல இருந்து பார்த்துட்டுப் போலீசுக்கு போன் பண்ணிட்டா. ரொம்ப நேரம் நின்னுட்டு, போலீஸ் வர்றதுக்குள்ள போயிட்டாரு. இப்ப அவங்க தேடிட்டு இருக்காங்க. நான் வேற இடத்துக்கு வந்துட்டேன். எங்கன்னு உங்ககிட்டகூடச் சொல்லல, கோவிச்சுக்காதீங்க."

அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் வந்தானா, வேறு யார் மூலமாவது தெரிந்து வந்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பதிவில் அது இல்லை.  எதிரே வசந்தன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரொம்பப் பயந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நீங்க போன் பண்ணப்பதான் பயந்தேன் அக்கா. கார் வந்துச்சுன்னு அவ சொன்னப்ப பயம் வரல. அவர் அங்க நின்னப்ப நான் கிடங்குல பெட்டி ஒட்டிட்டு இருந்தேன்."